ஞானப்பல்லுக்கு ஆறு கொம்புகள்

செப்டம்பர் 3, செவ்வாய்

கொம்புகள் வந்துவிட்டன. ஆறும். கூரியர்காரர் மணியடித்து முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன், மனிதர் பயந்து ஒரு படி கீழே இறங்கிவிட்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். அவசரத்தில் கிறுக்கித் தள்ளினேன்.

கடையில் இதற்கு கிளீட் என்று பெயர். எட்டங்குல நீளம், துருப்பிடிக்காத எஃகு, இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் டெக்கில் பதித்துவிட்டால் கரையிலிருந்து வரும் கயிற்றை இதில் எட்டு வடிவில் சுற்றிக் கட்டலாம். படகு பழுது பார்க்கும் ஸ்டெனி இதைக் கொம்பு என்கிறான், நானும் அப்படியே பழகிவிட்டேன். ஆறையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினேன். என் கணவர் இன்னாசி பேப்பரை இறக்காமலேயே கேட்டார்.

"துணி காயப்போடவா?"

இந்த நோட்டில் முதல் தடவை எழுதுவதால் விவரத்தைப் போட்டுவிடுகிறேன். என் பெயர் ஜாசிந்தா ரொட்ரிகோ. வயது அறுபத்தொன்று. தூத்துக்குடியில் முப்பத்து நான்கு வருஷம் பல் டாக்டராக இருந்தேன். ஜூன் மாதம் ஓய்வு. நானாகத்தான் பெற்றேன், யாரும் போகச் சொல்லவில்லை. ஜூலையில் ஒரு பாய்மரப் படகு வாங்கினேன். இருபத்திரண்டு அடி, ஃபைபர், புதுச்சேரியில் ஒருவர் ஓட்டாமல் போட்டு வைத்திருந்தது. லாரியில் வந்து இறங்கிய பிறகுதான் இன்னாசியிடம் சொன்னேன். அதற்கு ஞானப்பல் என்று பெயர் வைத்திருக்கிறேன். காலம் போன பிறகு முளைப்பது, வாயில் இடமில்லாமல் வந்து நிற்பது, வீட்டில் எல்லோரும் பிடுங்கிவிடு என்று சொல்வது. பொருத்தமாக இருக்கிறது.

படகு நிற்பது ஊரின் தெற்கே ஒரு சின்ன ஜெட்டியில். அதன் மேற்பார்வையாளர் வில்லவராயர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். அக்டோபர் முதல் சனிக்கிழமை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு படகின் கொம்பிலும் கயிறு கட்டித் தன்னுடைய மோட்டார் லாஞ்சால் இழுத்துப் பார்ப்பார். பக்கத்துக்கு மூன்று கொம்பு இருக்க வேண்டும், ஆறும் தாங்க வேண்டும். ஒன்று பெயர்ந்தாலும் படகைக் கரையேற்றிவிட வேண்டும். என் படகில் இருப்பது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுமே வெடித்தவை. நடுவில் ஒன்றுகூட இல்லாததால், அலை வரும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஓடி, ஜெட்டியில் தொங்கும் டயரில் இடித்துக்கொள்கிறது.

எனக்கும் இன்னாசிக்கும் ஒப்பந்தம் இதுதான். அக்டோபர் ஐந்தாம் தேதி சோதனையில் தேறினால் படகு என்னுடையது, அவர் வாயைத் திறக்கக் கூடாது. தேறாவிட்டால் விற்றுவிட வேண்டும். கையடித்துக் கொடுத்திருக்கிறேன். தேறினால் மறுநாளே முயல் தீவு வரை போய் வருவேன், சுக்கான் என் கையில். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், இந்த வருஷம்தான்.

செப்டம்பர் 4

அளவெடுத்தேன். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. வரைந்த படத்தின் மேல் டீ கொட்டிவிட்டது, மறுபடி வரைந்தேன். கப்பையும் சாசரையும் அலமாரியில் ஏற்றிவிட்டு டம்ளருக்கு மாறிவிட்டேன். சாசர் சத்தம் எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயத்தை எழுத எனக்குக் கை பரபரக்கிறது. படகுக்குச் சொத்தை.

டெக் என்பது ஒரே கட்டி அல்ல. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் தக்கை மாதிரி இலேசான மரம். பழைய ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் மேல்தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் மக்கிப்போகும். கடைவாய்ப் பல்லில் இதைத்தான் முப்பத்து நான்கு வருஷம் பார்த்தேன். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த வாய்க் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் டெக்கை அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல இடத்தில் டிக் டிக் என்று கேட்டது. முன்பக்கம் இடது ஓரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். பென்சிலால் வட்டம் போட்டேன்.

ஸ்டெனி பக்கத்துப் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது, அவன் பால்பல்லைப் பிடுங்கியவள் நான்.

"டாக்டரம்மா, நாங்க சுத்தியால தட்டுவோம். நீங்க ஸ்பூனால தட்டுதிய," என்றான்.

"உன் வாய்லயும் இதாலதான் தட்டினேன். அழுத."

"ஊசிக்கில்லாம்மா அழுதேன்."

நாளைக்கு ட்ரில் எடுக்கிறேன். தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

துளை போட்டாயிற்று. ஸ்டெனி போட்டுத் தருவதாகச் சொன்னான், விரட்டிவிட்டேன். ட்ரில் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்தேன், கறுப்பாக ஈரமாக வந்தது, அந்த வாசனைகூட எனக்குப் பழகியதுதான். சுத்தமான மரம் தெரியும்வரை எடுத்து, காயவைத்து, ரெசின் பசை ஊற்றி அடைத்தேன். அடைத்து முடித்து நிமிர்ந்தபோது அப்படி ஒரு சந்தோஷம். ஜூனுக்குப் பிறகு ஒரு வேலையை முழுதாக முடித்த முதல் நாள் இது.

ஒரு இடத்தில் மட்டும் ட்ரில் வழுக்கி டெக்கில் மூன்றங்குலம் கோடு விழுந்துவிட்டது. அந்த ட்ரில் கனம் அதிகம். கிளினிக் ட்ரில் பேனா மாதிரி இருக்கும். ஸ்டெனி கோட்டைப் பார்த்தான், விரலால் ஒரு தடவை தடவினான்.

செப்டம்பர் 10

மழைத் தூறல், ரெசின் காயவில்லை. வீட்டில் சும்மா இருந்தேன். என் விடைபெறும் விழாவில் இன்னாசி எடுத்த படங்களை இன்னும் அச்சடித்துத் தரவில்லை. கேட்டால் லேபில் மெஷின் சரியில்லை என்கிறார். மூன்று மாதமாகவா ஒரு மெஷின் சரியில்லாமல் இருக்கும்? நாற்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவர், ஊரில் பாதிப் பேரின் கல்யாண ஆல்பம் இவர் கைவேலை. அசையாதீங்க, அசையாதீங்க என்று ஊராரிடம் சொல்லிச் சொல்லித் தானும் அசையாத மனிதராகிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். என் படகில் இதுவரை ஒரு கால்கூட வைக்கவில்லை.

குழம்பில் உப்பு கூடிவிட்டது. கரண்டி குலுங்கிவிட்டது.

செப்டம்பர் 13, வெள்ளி

முதல் கொம்பு ஏறிவிட்டது. ரெசின் பாறை மாதிரி இறுகியிருந்தது. அதில் நேராக நான்கு திருகாணி, மேலேயிருந்து முடுக்கிவிட்டேன். அதன் மேல் ஏறி நின்றுகூடப் பார்த்தேன்.

ஸ்டெனிக்குத் திருப்தியில்லை.

"டெக்க ஓட்டயா துளைச்சி போல்ட் எறக்கணும்மா. கீழ தகடு வச்சி நட்டு போட்டு முடுக்கணும். இது நிக்காது."

"ஏன் நிக்காது? எலும்புல திருகாணி எறக்கி அது மேல பல்லு வச்சிருக்கேன். கீழ தகடா வச்சேன்? அந்தப் பல்லுல இன்னிக்கும் கரும்பு கடிக்காங்க."

"அது சரிதான். ஆனாலும்…"

"போல்ட்டுன்னா மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு வேணும்."

"நான் கீழ இருக்கேம்மா."

"ஒனக்கு ஒன் வேலை கெடக்கு," என்று அனுப்பிவிட்டேன். எனக்குத் தனியாகச் செய்துதான் பழக்கம்.

செப்டம்பர் 14, சனி

ஆறும் முடிந்தது. ஆறும். மத்தியான வெயிலில் ஒவ்வொன்றும் மின்னுகிறது. நடுக்கொம்பில் முதல் தடவையாகக் கயிறு கட்டினேன், படகு முன்னும் பின்னும் ஓடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டிப்பாம்பாக நின்றது. ஜெட்டியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, நான் முடித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மக்ரூன் வாங்கினேன், இன்னாசி நாலு தின்றார். தின்றுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பிடுங்கிக்கொண்டது.

பத்து மணிக்கு மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பியது. ஞானப்பல் கயிற்றைச் சுண்டி இழுத்தது. நான் ஜெட்டியில்தான் நின்றேன், என் கண் முன்னாலேயே இடது நடுக்கொம்பு நான்கு திருகாணியோடும் ஒரு கை அகல டெக்கோடும் பெயர்ந்து கயிற்றின் நுனியில் பறந்தது. படகு திரும்பி ஜெட்டிச் சுவரில் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டது. ஸ்டெனி தாவி ஏறி வேறு கயிறு போடாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

பெயர்ந்ததைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீளமான வேரோடு வந்த பல் மாதிரியே இருந்தது. ஸ்டெனி பக்கத்தில் குந்தினான்.

"கோவப்படாதீங்கம்மா, ஒண்ணு சொல்லுதேன். நீங்க வைக்கிற பல்லு கடிக்கும்போது கீழ அமுங்கும். இந்தக் கொம்ப மேல இழுக்கும்."

அவ்வளவுதான் சொன்னான். மெல்லும்போது பல் எலும்புக்குள் அமுங்குகிறது, அதனால் நிற்கிறது. கயிறு இழுக்கிறது. இழுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆயிரக்கணக்கில் இழுத்துப் பிடுங்கியவள் நான். அந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு ஸ்டெனிக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். எனக்கே என் மேல் அடங்காத கோபம்.

செப்டம்பர் 18

எழுத ஒன்றுமில்லை. இன்னாசி பேப்பரில் விற்பனை விளம்பரப் பக்கத்தைப் படிக்கிறார்.

செப்டம்பர் 20, வெள்ளி

அழுது முடித்தாயிற்று, வேலையைத் தொடங்கிவிட்டேன். மற்ற ஐந்தையும் நானே கழற்றினேன். பெயர்ந்த இடத்தை வெட்டி, புது மரம் வைத்து, மேலும் கீழும் ஃபைபர் ஒட்டினேன். ஸ்டெனி ஆறு அலுமினியத் தகடு வெட்டிக் கொடுத்துவிட்டு மணப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டான். மைத்துனர் படகில் வேலை, அக்டோபர் நாலாம் தேதிதான் வருவான். ஒரு கொம்புக்கு நான்கு போல்ட், மொத்தம் இருபத்து நான்கு. இந்தத் தடவை நிற்கும். எனக்குள் மறுபடியும் அந்தக் குறுகுறுப்பு வந்துவிட்டது.

போகும்போது, வேறு ஆள் யாரையாவது அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஒருவர் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வேலை ஓடாது.

செப்டம்பர் 23, திங்கள்

தனியாகச் செய்யும் வழி: கீழே நட்டை ஒரு பூட்டுக் குறடால் கவ்வவிட்டு, மேலே ஓடிவந்து போல்ட்டைத் திருக வேண்டும். மேலே வருவதற்குள் குறடு விழுந்துவிடும். மறுபடி கீழே. இப்படி இன்றைக்கு நாற்பது தடவையாவது ஏறி இறங்கியிருப்பேன். ஆறு நட்டு படகின் அடியில் எங்கேயோ உருண்டு போயின. ஒரு போல்ட்கூட ஏறவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் இன்னாசி ஜெட்டிக்கு வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. நான் படகின் உள்ளறைத் திறப்பிலிருந்து தலையை நீட்டியபோது அவர் மேலே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"எத்தன தடவதான் ஏறி எறங்குவ," என்றார்.

செருப்பைக் கழற்றி ஜெட்டியில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். படகில் காலை வைத்ததும் அது ஆடியது, முகம் வெளுத்தது, ஆனாலும் இறங்கினார். டெக்குக்குக் கீழே ஓரமாக ஓடும் சாமான் அறையில் ஒருக்களித்துப் படுத்தால்தான் ஆள் நுழையலாம். அவர் ஒல்லி. ஸ்பேனரை வாங்கிக்கொண்டு நுழைந்துவிட்டார்.

வேலை முறை இது. மேலே இருப்பவர் ஸ்குரூ டிரைவரால் போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் நட்டை முடுக்க வேண்டும். போல்ட் திரும்பினால் அதைச் சுற்றிப் பூசிய சீலண்ட் பசை பிய்ந்து தண்ணீர் இறங்கும், மறுபடி சொத்தை. இடது நடுக்கொம்பில் தொடங்கினோம்.

"பிடிச்சிட்டியா?" டெக்குக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பிடிச்சிட்டேன். முடுக்குங்க."

இரண்டு சுற்று முடுக்கினார். நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டிட்டிய?"

"ஜாசி."

"என்ன?"

"போல்ட் ஆடுது."

"படகு ஆடுது, அதான்."

"படகு ஆடுனா நானும் சேந்துல்லா ஆடுவேன். இது போல்ட் மட்டும் ஆடுது. பொடிசா."

எங்களுக்கு நடுவே ஓர் அங்குல டெக். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"ஜூன் மாசத்துலருந்தே தெரியும்," என்றார். "விழாவுல நீ கேக் வெட்டுன படம். இருபது பேர் நிக்காங்க. எல்லாரும் தெளிவா இருக்காங்க. உன் கையும் கத்தியும் மட்டும் கலங்கியிருக்கு. ஏழு படம் எடுத்தேன். ஏழுலயும் அப்படித்தான்."

அதனால்தான் அச்சடிக்கவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த நோட்டில்கூட நான் எழுதாததை அங்கே குனிந்து அந்த டெக்கிடம் சொன்னேன். ஜனவரியில் தொடங்கியது. சும்மா பிடித்துக்கொண்டிருந்தால்தான் நடுங்கும், பலம் போட்டு வேலை செய்தால் நடுங்காது. பிப்ரவரியில் ஒரு காலேஜ் பெண்ணின் வாய்க்குள் கருவியைப் பிடித்தபடி காத்திருந்தபோது உதட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. அவள் பரவாயில்லை டாக்டர் என்றாள். அன்றைக்கே ராஜினாமாவை மனதில் எழுதிவிட்டேன். மார்ச்சில் மதுரைக்குத் தனியாகப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை இருக்கிறது, மெல்லத்தான் கூடும், ஆனால் கூடும் என்றார்.

"மதுரை பஸ் டிக்கெட் உன் பையில இருந்துச்சு," என்றார் கீழேயிருந்து.

"அப்போ ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

"நீங்க கேப்பியன்னு நான் இருந்தேன்."

ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார், "இந்தக் கைய வச்சிக்கிட்டு கடல்ல போய் விழுந்திருவியோன்னு பயம். அதான் வித்திரச் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"கை நிக்கும்போதே ஒரு தடவை போய்ட்டு வந்திரணும்னுதான் வாங்கினேன். வேற ஒண்ணுமில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சீலண்ட்டில் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மாதக்கணக்கில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். எவ்வளவு முட்டாள்தனம்.

அவர் ஊர்ந்து வெளியே வந்தார். சட்டை முழுக்க ஃபைபர் தூள். ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"எடம் மாறுவோம். முடுக்குறது நீ. அசையாம பிடிக்கிறது நான்."

"ஒப்பந்தம்?"

"அது அப்படியேதான் இருக்கு. கழன்டா வித்திரணும்."

செப்டம்பர் 26, வியாழன்

என்ன ஒரு நாள். நெற்றியில் கிளினிக் விளக்கு, இடது கையில் வாய்க் கண்ணாடி, வலது கையில் ஸ்பேனர். சாமான் அறைக்குள் ஒருக்களித்துப் படுத்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. இருட்டான, ஈரமான, குறுகலான ஓட்டைக்குள் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்து வேலை செய்வது எனக்குக் கைவந்த விஷயம். ஸ்டெனிக்குக்கூட இது வராது. நட்டு முடுக்க முடுக்க என் கை கல் மாதிரி நின்றது. நேற்றைய அந்த முதல் போல்ட்டையும் கழற்றி, புதிதாகச் சீலண்ட் பூசி ஏற்றினோம்.

மேலே இன்னாசி. நான் சத்தம் போட்டேன்.

"அசையாதீங்க."

"அது என் வசனம்லா," என்றார்.

உண்மையிலேயே அசையவில்லை. அந்த மனிதர் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தால் அது டெக்கில் முளைத்தது மாதிரி நிற்கிறது. இத்தனை வருஷம் இதற்காக அவரைத் திட்டியிருக்கிறேன். இன்று எட்டு போல்ட். நடுவில் இரண்டு தடவை ஜெட்டிக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தார், வந்து அதே இடத்தில் பிடித்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

இருபத்து நான்கு.

அக்டோபர் 5, சனி

காலை ஒன்பது மணி. ஜெட்டியில் நாற்பது பேராவது இருப்பார்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு படகு தேறின, ஒன்றின் பின்கொம்பு பெயர்ந்தது, அந்த ஆள் தலையில் கைவைத்துக்கொண்டு போனார்.

வில்லவராயர் கறாரான மனிதர். கயிற்றைக் கொம்பில் கட்டுவது படகுக்காரராகத்தான் இருக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். அதாவது நான். நாற்பது பேர் முன்னால். ஒரு வாரத்துக்கு முன்பு என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி ஸ்டெனியைக் கட்டச் சொல்லியிருப்பேன். கயிற்றை வாங்கினேன். அவர் லாஞ்சைத் திருப்பும்வரை பிடித்தபடி நிற்க வேண்டியிருந்தது, கயிற்றின் நுனி தடதடவென்று ஆடியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னம்மா, காலங்காத்தால குளிருதா?" வில்லவராயர் கேட்டார்.

"குளிரல. கை நடுங்குது. ஜனவரியிலருந்து இருக்கு," என்றேன்.

சொன்ன பிறகு என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "கட்டுங்க, மெதுவா கட்டுங்க," என்றார்.

ஒரு சுற்று, மேலே எட்டு, கடைசியில் மடக்கிப் பூட்டு. முன்னால் இரண்டும் தாங்கின. பின்னால் இரண்டும் தாங்கின. வலது நடுக்கொம்பும் தாங்கியது. கடைசியாக இடது நடுக்கொம்பு, முன்பு பெயர்ந்த அதே இடம். இன்னாசி ஜெட்டி ஓரத்தில் கேமராவோடு நின்றார், ஆனால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை.

லாஞ்ச் இழுத்தது. கயிறு விறைத்துத் தண்ணீர் சொட்டியது. ஞானப்பல் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. எங்கேயோ முறுக்குக் கடிப்பது போல் ஒரு சத்தம். வில்லவராயர் இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தார், படாரென்றது, கயிறு தொய்ந்து விழுந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போயிற்று, எல்லாம் போயிற்று. யார் முகத்திலும் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஸ்டெனி, பிறகு ஜெட்டி முழுக்க. கண்ணைத் திறந்தேன். என் கொம்பு டெக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தது, கயிறு அதில் நான் கட்டியபடியே இருந்தது. மறு நுனியில் லாஞ்சின் கொம்பு தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு திருகாணியோடும், கொஞ்சம் மரத்தோடும்.

வில்லவராயர் தன் லாஞ்சில் இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஓட்டைக்குள் பார்த்தேன்.

"உள்ள சொத்தை. கீழ தகடும் இல்ல. கரையேத்திருங்க," என்றேன்.

அவர் சட்டம், அவரே மீற முடியாது. மத்தியானம் கிரேன் வந்து லாஞ்சைத் தூக்கியது. எங்கள் படகுக்குத் தேறிய சீட்டு கிடைத்துவிட்டது. ஸ்டெனி என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. இன்னாசி என் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் நின்றார், ஒப்பந்தப்படி.

அக்டோபர் 6, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக ஜெட்டி. கயிறுகளை அவிழ்த்தேன். இன்னாசி ஏறிக்கொண்டார். நான் கூப்பிடவில்லை, அவராகவே ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

பாயை ஏற்றியதும் ஞானப்பல் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. முப்பத்து நான்கு வருஷம் ஒரு சின்ன அறையில், அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே இருந்தவளுக்கு இத்தனை வெளிச்சம் தாங்கவில்லை. சத்தமாகச் சிரித்தேன். சுக்கான் பிடி என் கையில் ஓயாமல் அதிர்ந்தது. அதில் தண்ணீர் ஆட்டுவது எவ்வளவு, என் கை ஆட்டுவது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. முயல் தீவின் கிழக்குப் பக்கம் போனபோது மணி பதினொன்று. இனி எத்தனை தடவை வருவேனோ, இன்று வந்துவிட்டேன்.

அங்கிருந்து திரும்பியதும் இன்னாசி ஃபிளாஸ்க்கைத் திறந்தார். பையிலிருந்து கப்பை எடுத்தார், கூடவே சாசர். அலமாரியில் நான் ஏற்றி வைத்ததுதான். வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கிறார். வாங்கினேன். கடகடவென்று சத்தம் போட்டது, பாதி டீ சாசரில். சாசரிலிருந்தே குடித்தேன்.

பிறகு கேமராவை எடுத்தார். வாந்தியெடுத்த முகம், ஆனால் கால் இரண்டையும் அகட்டி நின்றுவிட்டார்.

"இருங்க, இருங்க. கை ஆடுது," என்றேன். சுக்கானை விட்டுவிட்டுக் கையை மடியில் ஒளிக்கப் பார்த்தேன்.

நாற்பது வருஷம் ஊரையே அதட்டிய மனிதர். அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"கைய எடுக்காத. நீ பாட்டுக்கு அசைஞ்சிக்கோ, ஜாசி," என்றார். "நான் அசையாம நிக்கேன்."

சாயங்காலமே அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார். மெஷின் சரியாகிவிட்டதாம். படத்தில் வானம், பாய், ஆறு கொம்பு எல்லாம் தெளிவாக இருக்கின்றன. சுக்கானைப் பிடித்த கை மட்டும் கலங்கியிருக்கிறது. ஹாலில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.